முதல் நிரலாக்கப் புத்தகம்: தவறு யாருடையது என்று தெரியாத வாசகருக்காக எழுதுவது

என் புத்தகத்தின் வரைவைச் சோதித்துப் பார்க்க, அதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதியிராத ஒருவரை உட்கார வைத்திருந்தேன். முதல் அத்தியாயத்தில் மூன்றே வரியில் ஒரு நிரல். மின்நூலிலிருந்து அதை நகலெடுத்து எடிட்டரில் ஒட்டி ஓட்டினார். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது. புத்தகத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. மறுபடி நகலெடுத்தார், மறுபடி அதே செய்தி. மூன்றாம் முறை கையாலேயே தட்டச்சு செய்தார், ஓடிவிட்டது. அவர் மகிழவில்லை. "முன்னாடி நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் வரைவை எழுதிய மென்பொருள், நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைந்த குறிகளாக மாற்றியிருந்தது. கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரிவதே அரிது. அந்த நிரல் எழுதப்பட்ட பைதான் என்ற நிரலாக்க மொழிக்கோ வளைந்த குறி செல்லாத எழுத்து. அனுபவமுள்ளவர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துப் புத்தகத்தைத் திட்டிவிட்டுப் போவார். புதியவருக்கு அந்த வசதி கிடையாது. புத்தகத்தில் தவறு இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வராது. புத்தகத்தின் பிழை முழுவதும் வாசகரின் கணக்கில் ஏறுகிறது. நாலைந்து முறை இப்படி ஏறினால், "இது நமக்கு வராது" என்று மூடி வைத்துவிடுகிறார்.

தொடக்கநிலைப் புத்தகம் எழுதுவதில் உள்ள சிரமங்கள் ஏறக்குறைய எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கருத்து. எதை எந்த வரிசையில் சொல்வது, பயிற்சிகளை எப்படி அமைப்பது, பக்கத்தை எப்படி வடிவமைப்பது, எந்தப் பதிப்பு முறையைத் தேர்வது என்று எந்தக் கேள்வியை எடுத்தாலும், தவறு யாருடையது என்று பிரித்தறிய முடியாத ஒரு வாசகர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

நிரலாக்கம் பற்றிய முதல் புத்தகம் 1951இல் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை வைத்து வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் எழுதினார்கள். அதன் வாசகர்கள் கணிதத்திலும் அறிவியலிலும் ஊறியவர்கள். பின்னர் 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம் வந்தது. திரையில் "ஹலோ, வேர்ல்ட்" என்று அச்சிடும் நிரலை ஊர் அறியச் செய்தது அதுதான். அதன் முன்னுரையிலேயே, இது நிரலாக்கத்துக்கான அறிமுக நூல் அல்ல, மாறி (மதிப்பை வைக்கும் பெயர்), லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது), ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதி) போன்றவை ஓரளவு தெரிந்தவர்களுக்கானது என்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னால் வந்த எத்தனையோ தொடக்கநிலைப் புத்தகங்கள் அந்த முதல் நிரலை எடுத்துக்கொண்டன, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டன. தெரிந்தவருக்கு ஏற்ற வேகத்திலேயே தெரியாதவரையும் கூட்டிக்கொண்டு போயின.

ஒரு விஷயம் நமக்கு நன்றாகப் பழகிய பிறகு, அது தெரியாத நிலை எப்படி இருந்தது என்பதே மறந்துவிடுகிறது. ஜாவா என்ற இன்னொரு நிரலாக்க மொழியில் பல ஆண்டுகள் எழுதப்பட்டு வந்த முதல் நிரலைப் பாருங்கள். திரையில் ஒரு வரி காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு கிளாஸ் வேண்டும், அதற்குள் பொதுவானது, நிலையானது, எதையும் திருப்பித் தராதது என்று மூன்று அடைமொழிகளோடு ஒரு மெத்தட் வேண்டும், அதன் அடைப்புக்குறிக்குள் சரங்களின் அணி ஒன்று வேண்டும். ஏழெட்டுக் கருத்துகள் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. அதனால் ஆசிரியர்கள், "இப்போதைக்கு இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு விளக்குகிறேன்" என்று தொடங்குவார்கள். ஒரு முறை சொன்னால் பரவாயில்லை. பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை சொன்னால், புரியாமல் எழுதுவதுதான் நிரலாக்கம் என்று வாசகர் பழகிக்கொள்கிறார். பிறகு விளக்கம் வரும்போது அவர் அதை எதிர்பார்ப்பதே இல்லை. மொழியை உருவாக்குபவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2025இல் வந்த ஜாவா 25இல், அந்தச் சடங்குகள் எதுவும் இல்லாமலே ஒரு சிறிய நிரலை எழுத முடிகிறது.

ஆகவே புத்தகத்தின் பெரிய வேலை வரிசைப்படுத்துவது. விளக்குவதுகூட அடுத்துதான். ஒவ்வொரு பக்கத்திலும், இதற்கு முன்னால் சொல்லாத எதையாவது நம்பி இந்த வாக்கியம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் அதற்கு ஒரு தாளில் பட்டியல் வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லோ குறியோ முதன்முதலில் வரும் பக்க எண்ணையும், அது விளக்கப்படும் பக்க எண்ணையும் எதிரெதிரே எழுதினேன். இரண்டாவது எண் பெரிதாக இருக்கும் இடமெல்லாம் வாசகர் தடுக்கி விழப்போகும் இடம்.

சில தடைகள் வரிசையைச் சரிசெய்தாலும் போகாது. இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 7

இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? நிரல் எழுதுபவர்களுக்கு இது கேள்வியே இல்லை: 5. ஆனால் முதன்முறை பார்ப்பவர்கள் பலர் 7 என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியில் பல வருடம் படித்த கணிதத்தில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் சமம். ஆ-வும் அ-வும் சமம் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அது சொன்னதுதான். அ மாறினால் ஆ-வும் மாறித்தானே ஆக வேண்டும்? அதே ஆளிடம் "அ = அ + 1" என்று காட்டினால் குழம்பிப்போவார். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாதே. அவர் கணிதம் மறந்ததால் குழம்பவில்லை, நினைவில் வைத்திருப்பதால்தான் குழம்புகிறார்.

"வலப்பக்கம் உள்ளதைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் வைக்கிறது" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடும் புத்தகங்கள் உண்டு. அந்த வாக்கியம் சரியானதுதான், ஆனால் போதாது. வாசகரின் மனத்தில் கணினி எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு படம் உருவாக வேண்டும். 1980களில் பெனடிக்ட் டு பூலே முதலிய ஆய்வாளர்கள் இந்தப் படத்துக்குக் கருத்தளவிலான இயந்திரம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். அது உண்மையான சில்லு, மின்சுற்று பற்றியதல்ல. ஒரு வரியைப் படித்ததும் உள்ளே என்ன மாறுகிறது என்று நாமே நடத்திப் பார்க்கும் கற்பனை இயந்திரம். அதை வாசகர் கையில் கொடுப்பதற்கு நான் கண்ட நல்ல வழி ஒரு சாதாரண அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம். முதல் வரி முடிந்ததும் அ-வின் கட்டத்தில் 5, இரண்டாவது முடிந்ததும் ஆ-வில் 5, மூன்றாவதில் அ-வின் 5 அடிக்கப்பட்டு 7. ஆ-வின் கட்டத்தை யாரும் தொடவில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. இந்த அட்டவணையை ஒரு முறை காட்டினால் போதாது. முதல் நான்கைந்து அத்தியாயங்களிலும் பென்சிலால் வாசகரே நிரப்ப வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் பெயர்கள். "பெரியது" என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால், கணினி தானாகவே பெரிய எண்ணை அதில் போட்டுக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணினிக்குள் நம் நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் மறைந்திருக்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றி ஆய்வாளர் ராய் பீ 1986இல் எழுதியிருக்கிறார். புதியவர்களின் பல பிழைகளுக்கு அதுவே மூலம் என்பது அவர் கருத்து. நல்ல பெயர் வைக்கச் சொல்வது நல்ல அறிவுரைதான். ஆனால் ஓரிடத்தில் அதே நிரலை "பெரியது" என்பதற்குப் பதில் "வாழைப்பழம்" என்று மாற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். விடை மாறாது. பெயர் நமக்காக என்பது அப்போது புரியும்.

சரி, முதல் சில அத்தியாயங்கள் நன்றாகப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு பள்ளம் வருகிறது. கணினி ஆசிரியர் ஆலன் டவுனி 1999இல் ஜாவா வகுப்பு ஒன்றுக்குப் பாடநூல் தேடியபோது இதைக் கவனித்தார். அப்போதிருந்த புத்தகங்கள் மிகப் பெரியவை. எளிதாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, ஐந்தாம் அத்தியாயம் வாக்கில் காலடித் தரையே திறந்துகொள்வதுபோல் மாணவர்கள் கீழே விழுந்தார்கள். வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது அவர் சொந்தமாக எழுத உட்கார்ந்தார். ஐம்பது பக்கத்தைப் படிக்காமல் விடுவதைவிடப் பத்துப் பக்கத்தைப் படிப்பது மேல் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாக 13 நாளில் முடித்தார்.

அந்தப் பள்ளம் பெரும்பாலும் ஃபங்ஷனில் இருக்கிறது. அதிலும் குறிப்பாக, ஒரு மதிப்பை அச்சிடுவதற்கும் திருப்பித் தருவதற்கும் உள்ள வேறுபாட்டில். கூட்டு என்று ஒரு ஃபங்ஷன். ஒரு வாசகர் அதற்குள் இரண்டு எண்களைக் கூட்டி விடையைத் திரையில் அச்சிடுகிறார். இன்னொருவர் கூட்டி விடையை, ஃபங்ஷனை அழைத்த வரிக்கே திருப்பித் தருகிறார். ஒரு வரி அடித்ததும் உடனே ஓட்டிக் காட்டும் பைதானின் ஊடாடும் திரையில் கூட்டு(2, 3) என்று அடித்தால் இருவருக்கும் 5 என்றே தெரியும். ஏனென்றால் திருப்பித் தரப்பட்ட மதிப்பை அந்தத் திரை தானாகவே காட்டிவிடும். முதலாமவர் "வந்துவிட்டது" என்று அடுத்த பக்கம் போகிறார். அங்கே கூட்டு(2, 3) * 10 என்று ஒரு வரி. திரையில் 5 என்று வருகிறது, அதற்கு அடியிலேயே பிழைச் செய்தியும் வருகிறது. கண் முன்னால் 5 இருக்கும்போது அதைப் பத்தால் ஏன் பெருக்க முடியவில்லை? அவருடைய ஃபங்ஷன் 5-ஐ அச்சிட்டதே தவிர, பெருக்குவதற்கு எதையும் திருப்பித் தரவில்லை. ஆனால் எங்கே தேடுவது என்றே அவருக்குத் தெரியாது.

எல்லா உதாரணங்களையும் ஊடாடும் திரையிலேயே காட்டி வந்த புத்தகம்தான் இந்தக் குழியைத் தோண்டியது. தொடக்கத்தில் அது வசதியாக இருந்தது, ஒவ்வொரு வரிக்கும் உடனே விடை கிடைத்தது. அந்த வசதியின் விலை ஐந்தாவது அத்தியாயத்தில் தெரிகிறது. ஃபங்ஷனுக்கு வருவதற்கு முன்பே வாசகரைக் கோப்பில் எழுதி ஓட்டப் பழக்கிவிட்டால், திருப்பித் தந்த மதிப்பு தானாகத் திரையில் தோன்றாது என்பதை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். அதைச் செய்யாமல் ஃபங்ஷன் அத்தியாயத்தை எவ்வளவு தெளிவாகத் திருத்தி எழுதினாலும் பயனில்லை. சிக்கல் தெரியும் பக்கம் ஒன்று, அது விதைக்கப்பட்ட பக்கம் வேறு.

பயிற்சிகளுக்கு வருவோம். விளக்கம் முடிந்ததும் "இப்போது நீங்களே ஒரு நிரல் எழுதுங்கள்" என்பதே வழக்கமான முறை. புதியவருக்கு இது பெரிய தாவல். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதம் கற்பவர்களிடம் செய்த ஆய்வில், கணக்குகளை நேராகப் போட முயன்றவர்களைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளையும் சேர்த்துப் படித்தவர்கள் அதேபோன்ற கணக்குகளை நன்றாகச் செய்தார்கள். நிரலாக்கத்திலும் வெற்றுத் திரைக்கு முன் பல படிகள் வைக்கலாம். நிரலைப் படித்து விடையை ஊகிப்பது, ஓட்டிச் சரிபார்ப்பது, ஓர் எண்ணை மட்டும் மாற்றுவது, பிழையுள்ள நிரலைத் திருத்துவது. டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் இருவரும் 2006இல் முன்வைத்த புதிர் எனக்கு மிகவும் பிடித்தது. சரியான நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டுவிட்டு வரிசைப்படுத்தச் சொல்வார்கள். இலக்கணத் தொந்தரவு இல்லாமல், எது முதலில், எது லூப்பின் உள்ளே என்று மட்டும் யோசித்தால் போதும். அச்சுப் புத்தகத்திலும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

பிழைச் செய்தியைப் படிக்கக் கற்றுத்தருவதை முதல் அத்தியாயத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். பெரும்பாலான புத்தகங்களில் எல்லா நிரலும் முதல் முறையே ஓடும். வாசகரின் மேசையில் அப்படி நடக்காது. முதல் நிரல் ஓடியவுடனேயே, "இப்போது கடைசி அடைப்புக்குறியை நீக்கிவிட்டு ஓட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். வரும் செய்தியை அப்படியே அச்சிட்டு, எந்த வரி எண், எந்தச் சொல் பயன்படும், எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று காட்ட வேண்டும். தானே உண்டாக்கிய பிழையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

எழுத்து வேலை முடிந்து பக்க வடிவமைப்புக்குப் போகும்போது, நிரல் இருக்கும் புத்தகம் வேறு எந்தப் புத்தகத்தைப்போலவும் இல்லை என்பது தெரியவரும். கதையில் ஒரு காற்புள்ளி விடுபட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். நிரலில் விடுபட்டால் நிரல் நின்றுவிடும். பைதானுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் வரி நீளம் 79 எழுத்துகள். சிறிய அச்சுப் பக்கத்தின் அகலத்தில் அவ்வளவு அடங்காது. நீண்ட வரி தானாக மடிந்து அடுத்த வரிக்குப் போனால், அதை இரண்டு வரி என்றே புதியவர் தட்டச்சு செய்வார். எல்லா உதாரணங்களையும் குறுகிய வரிகளாகவே எழுதிவிடுவதுதான் இதற்கு வழி. அடுத்து, பைதானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. ஒரு லூப்பின் நடுவில் பக்கம் முடிந்துவிட்டால், அடுத்த பக்கத்தின் முதல் வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? அதனால் குறுகிய நிரல் எதுவும் பக்கம் தாண்டவே கூடாது, வெள்ளை இடம் மிஞ்சினாலும் சரி. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் அந்த இடைவெளிகள் சில சமயம் மறைந்தே போகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டு கழித்தல் குறிகளை ஒரே நீண்ட கோடாகச் சேர்த்துவிடும் மென்பொருளும் உண்டு. இவை எல்லாமே அச்சுக்கலையில் அழகு, நிரலில் பிழை.

இதிலிருந்து தப்பிக்க உறுதியான வழி ஒன்றுதான்: நிரலை ஆவணத்தில் கையால் ஒட்டவே கூடாது. ஒவ்வோர் உதாரணமும் ஓடக்கூடிய தனிக் கோப்பாக இருக்க வேண்டும். புத்தகத்தை உருவாக்கும் கருவி அந்தக் கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். நிரலின் விடையையும் ஓட்டியே பெற வேண்டும். கெர்னிகனும் ரிச்சியும் 1978லேயே, எல்லா உதாரணங்களும் புத்தகத்தின் மூலப் பிரதியிலிருந்து நேரடியாகச் சோதிக்கப்பட்டவை என்று முன்னுரையில் உறுதி தந்தார்கள். அந்த முன்னுரையில் எனக்கு மிகவும் மதிப்புள்ள வரி அது. இன்று இந்த வேலைக்கு எத்தனையோ இலவசக் கருவிகள் இருக்கின்றன. அன்று செய்ததை இன்று செய்யாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

எல்லாம் சரியாக அச்சிட்ட பிறகும், காலம் புத்தகத்தைப் பிழையாக்கும். பைதான் மொழியின் புதிய பதிப்பான 3.0 வந்தது 2008 டிசம்பரில். அதற்கு முன் அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை, அதன்பின் கட்டாயம். 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய பதிப்பில் 3, புதியதில் 3.5. பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றுதான் முடிந்தது. இடைப்பட்ட 11 ஆண்டுகளில், பழைய பதிப்புக்கான புத்தகமும் புதிய பதிப்பு நிறுவிய கணினியும் கையிலிருந்த வாசகருக்கு முதல் அத்தியாயத்தின் முதல் வரியே ஓடாது. அச்சில் வந்த எந்த வரியும் தப்பில்லை, ஆனாலும் வாசகர் தன்னைத்தான் நொந்துகொள்வார். ஆகவே புத்தகம் மொழியின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை உள்ளே எங்கோ ஒரு மூலையில் போடாமல், முதல் நிரலுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். தன் கணினியில் இருக்கும் பதிப்பை எப்படிப் பார்ப்பது என்பதும் அங்கேயே வர வேண்டும். நிறுவுவது எப்படி என்ற பகுதியும் கணினித் திரையைப் பிடித்துப் போட்ட படங்களும்தான் முதலில் காலாவதியாகும். அவற்றை அச்சில் குறைத்து, புதுப்பிக்கக்கூடிய இடத்தில் வைப்பது நல்லது.

பதிப்பு முறையைத் தேர்வதிலும் இதுவே முக்கியம். பதிப்பகத்தின் வழியாகப் போனால் தொழில்நுட்பச் சரிபார்ப்பாளரும் பிரதித் திருத்துநரும் கிடைக்கிறார்கள். அது சிறிய விஷயமல்ல. ஆனால் ஒரு பிழையைத் திருத்த அடுத்த அச்சு வரை காத்திருக்க வேண்டும். சொந்தமாகத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் போட்டால் இன்று கண்ட பிழையை விரைவிலேயே திருத்தலாம், ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் ஆட்களை நீங்களே தேட வேண்டும். யாரும் இலவசமாக நகலெடுக்கவும் மாற்றி எழுதவும் அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வெளியிடுவது மூன்றாவது வழி. டவுனி தன் ஜாவா புத்தகத்தை அப்படித்தான் வெளியிட்டார். அதைப் பள்ளி ஆசிரியர் ஜெஃப் எல்க்னர் பைதானுக்கு மாற்றி எழுதினார். அந்த மாற்றத்தைப் படித்துத்தான் டவுனியே பைதான் கற்றுக்கொண்டார். அதன் வழித்தோன்றலை 2012இல் ஓரைலி பதிப்பகம் அச்சிட்டது, இலவசப் பிரதியும் தொடர்ந்து கிடைக்கிறது. பணம்தான் முதல் நோக்கம் என்றால் இந்த வகைப் புத்தகமே ஏற்றதல்ல என்று நினைக்கிறேன். வாசகர் எண்ணிக்கைதான் நோக்கம் என்றால் திறந்த உரிமம் வலுவான வழி.

கேட்டால் உடனே விடை சொல்லும் உரையாடல் மென்பொருள் வந்த பிறகு இப்படி ஒரு புத்தகம் எதற்கு என்று கேட்கிறார்கள். பிழைச் செய்தியைக் கொடுத்தால் அது நன்றாகவே விளக்குகிறது. ஆனால் அந்தக் கூட்டு ஃபங்ஷனில் மாட்டிக்கொண்டவருக்கு, தனக்கு அச்சிடுவதும் திருப்பித் தருவதும் ஒன்றாகத் தெரிகிறது என்பதே தெரியாது. தெரியாததை எப்படிக் கேட்பார்? எதை எப்போது கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பதுதான் ஒரு புத்தகத்தின் வரிசை.

கணினி அறிவியலாளர் டொனால்டு கனுத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பும் வழக்கம் வைத்திருந்தார். 256 சென்ட், கணினிக்காரர்களுக்குப் பிடித்த எண். வாசகர்கள் பலர் அதைப் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். தொடக்கநிலைப் புத்தகத்துக்கு மட்டும் இந்த வழி அவ்வளவாக உதவாது. புதிய வாசகர் பிழையை எழுதி அனுப்ப மாட்டார், அது பிழை என்றே அவருக்குத் தெரியாதே. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கத்தைப் பின்னால் திருப்புகிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம். ஒரு வார்த்தை விளக்கினாலும் அந்தப் பக்கத்தின் சோதனை கெட்டுவிடும், ஏனென்றால் அச்சிட்ட புத்தகத்தோடு நாம் போக முடியாது.

மேற்கோள் குறியில் மாட்டிக்கொண்டவருக்குப் பிறகு இன்னும் நான்கு பேரை இப்படி உட்கார வைத்தேன். ஒருவர் நிற்கும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். நான் மிகத் தெளிவாக எழுதியதாக நம்பியிருந்த 31ஆம் பக்கத்தின் இரண்டாவது பத்திக்கு எதிரே ஐந்து கோடுகள் இருந்தன. அந்தப் பத்தியை இப்போது நான்காம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.